ஈரமான ஊரில் வறளும் பாம்பு: வளர்ப்புப் பாம்பின் சட்டை ஏன் துண்டு துண்டாக உரிகிறது?

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. மழை பிடித்துக்கொண்டால் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை பூத்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், வீட்டில் வளரும் பாம்பின் சட்டை மட்டும் வெங்காயச் சருகு போல் காய்ந்து, உடம்போடு ஒட்டிக்கொண்டு, துண்டு துண்டாக விழுவது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் இரண்டு வழியில் தவறுகிறார்கள். சிலர் ‘நம்மூர் ஈரமே போதும்’ என்று விட்டுவிட, பாம்பின் கண்மேலும் வால்நுனியிலும் பழைய தோல் தங்கிவிடுகிறது. வேறு சிலர் பயந்துபோய்த் தொட்டி முழுக்கத் தண்ணீர் ஊற்ற, வயிற்றுச் செதில் புண்ணாகிறது. ஊரின் ஈரமும் தொட்டிக்குள் இருக்கும் ஈரமும் ஒன்றல்ல என்பது பிடிபட்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

கீழே உள்ள அளவுகள் இங்கே வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பால் பைத்தன், கோர்ன் ஸ்நேக் ஆகிய இரண்டுக்கும் பொருந்தும். பால் பைத்தன் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு. மிரண்டால் பந்து போல் சுருண்டுகொள்வதால் அந்தப் பெயர். கோர்ன் ஸ்நேக் அமெரிக்காவின் தென்கிழக்கைச் சேர்ந்தது, நஞ்சில்லாதது.

சட்டை என்பது எது

பாம்பின் செதில்கள் மீன் செதில் போலத் தனித்தனியாகப் பிடுங்கி எடுக்கக்கூடியவை அல்ல. அவை ஒரே தோலின் மடிப்புகள். அந்தத் தோலின் மேற்புறம் நகத்தைப் போன்ற கெட்டியான பொருளால் ஆனது. அது உடம்போடு சேர்ந்து வளராது, தேய்ந்துபோகும். ஆகவே அதன் அடியில் முழுதாக ஒரு புது அடுக்கு உருவாகிறது. புது அடுக்கு தயாரானதும் இரண்டுக்கும் நடுவே நிணநீரும் நொதிகளும் ஊறி, பழையதைப் புதியதிலிருந்து பிரிக்கின்றன. அந்த மெல்லிய ஈரப் படலம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது இருந்தால் சட்டை வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பாம்பின் உடம்பில் நீர்ச்சத்து குறைந்து அது சரியாக ஊறாவிட்டாலும், வறண்ட காற்று பழைய தோலை விறைப்பாக்கிவிட்டாலும் பசை காய்ந்த காகிதம் போல் ஒட்டிக்கொள்ளும்.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் நிலையாக மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் செதில் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையில் அதைக் கண்மூடிச் செதில் என்போம். சட்டையோடு அதுவும் உரிய வேண்டும். உரியாமல் தங்குவது பெரும்பாலும் இதுவும் வால்நுனியும்தான்.

வளரும் குட்டி ஏறக்குறைய 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்த பாம்பு சில மாதங்களுக்கு ஒருமுறைதான்.

உரிப்பதற்கு முந்திய நாட்கள்

1. நிறம் மங்கும். முதுகு தூசி படிந்ததுபோல் தெரியும். பால் பைத்தனின் வயிறு இளஞ்சிவப்பாகும். ஈரத்தைக் கூட்டத் தொடங்க வேண்டிய நாள் இதுதான்.

2. கண் நீலம் பாய்ந்து பால் கலங்கியதுபோல் ஆகும். இடையில் ஊறும் திரவமே அதற்குக் காரணம். 2 முதல் 4 நாள் இப்படி இருக்கும். பார்வை மங்கியிருப்பதால் சாதுவான பாம்புகூடச் சீறும், கொத்தும். பல பாம்புகள் இரை எடுக்காது. தோல் மென்மையாக இருக்கும்போது இரை திமிறினால் எளிதில் காயம்படும் என்பதால் நீங்களும் கொடுக்க வேண்டாம். கையில் எடுக்கவும் வேண்டாம்.

3. கண் தெளியும். புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறும் இடம் இது. ‘சரியாகிவிட்டது, இந்த முறை உரிக்கவில்லை’ என்று நினைத்து ஈரத்தைக் குறைத்துவிடுவார்கள். உண்மையில் உரிப்பு இனிமேல்தான். தெளிந்த பிறகு 2 முதல் 5 நாளில் நடக்கும். ஈரம் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் இந்த நாட்களில்தான்.

4. பாம்பு மூக்கையும் தாடையையும் கரடான எதிலாவது உரசும். உதட்டோரம் தோல் பிரியும். அதை ஒரு கல்லிலோ கட்டையிலோ மாட்டி, தலையணை உறையை உட்புறம் வெளியே வரத் திருப்புவதுபோல், பாம்பு தன் சட்டையிலிருந்து ஊர்ந்து வெளியேறும். நல்ல நிலையில் இது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலின் குழிவிரியன்களும் மரத்தில் வாழும் மற்றப் பாம்புகளும் கிளையின் கரட்டுப் பட்டையையே இதற்குப் பிடியாகக் கொள்கின்றன. கண்ணாடிச் சுவரும் பிளாஸ்டிக் குகையும் மட்டுமே உள்ள தொட்டியில் அந்தப் பிடி இல்லை. ஒரு சொரசொரப்பான மரக்கட்டையோ, கூர் விளிம்பில்லாத கருங்கல்லோ போட்டாலே பாதி வேலை முடியும்.

ஏர்கோன் கணக்கு

ஈரப்பதம் என்று கருவி காட்டும் விழுக்காடு, காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதன் அளவல்ல. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீரில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதன் அளவு. காற்று சூடானால் தாங்கும் அளவு கூடும். நீர் அப்படியே இருக்க, விழுக்காடு மட்டும் இறங்கும்.

இனி எண்களில் பார்க்கலாம். இரவில் சன்னல் திறந்த ஒரு வீட்டில் காற்று 26 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 90 விழுக்காடு என்று வையுங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 22 கிராம் நீர் இருக்கும். இதே காற்று, விளக்கால் சூடேற்றப்படும் தொட்டியின் சூடான முனையில் 32 பாகைக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 65 விழுக்காட்டுக்கு இறங்கும். பால் பைத்தனுக்கு அது போதும்.

அடுத்த அறையில் ஏர்கோன் ஓடுகிறது. அது காற்றைக் குளிர்விக்கும்போதே நீரையும் பிழிந்து எடுத்துவிடுகிறது; சுவருக்கு வெளியே குழாயில் இரவெல்லாம் சொட்டுவது அந்த அறையின் ஈரம்தான். அறை இப்போது 24 பாகை, 55 விழுக்காடு. மனிதருக்கு இதமான அளவு. ஆனால் ஒரு கன மீட்டரில் இருப்பது சுமார் 12 கிராம் நீர் மட்டுமே. இந்தக் காற்று கம்பிவலை மூடி வழியாகத் தொட்டிக்குள் இறங்கி 32 பாகைக்குச் சூடானால் 35 விழுக்காடு. குளிர்ந்த முனையில் 26 பாகையில்கூட 50ஐத் தொடாது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் பாம்பு பாலைவனக் காற்றில் படுத்திருக்கிறது.

அறை குளிர்கிறதே என்று விளக்கின் சூட்டைக் கூட்டுவது நல்லெண்ணத்தில் செய்யும் காரியம்தான். ஆனால் கூட்டக் கூட்ட வறட்சியும் கூடும். புகைமூட்ட நாட்களில் சன்னலை எல்லாம் அடைத்து ஏர்கோனைப் பகலும் இரவும் ஓடவிடும் வீடுகளில் உரிப்புச் சிக்கல் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் வடக்கே மழை குறைவதால் பினாங்குக்காரர்கள் அந்த மாதங்களிலும் கருவியில் ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

பால் பைத்தன் என்றால் தீர்வு எளிது: ஏர்கோன் இல்லாத, நேர்வெயில் படாத அறைக்குத் தொட்டியை மாற்றுங்கள். சூடும் குறைவாகத் தேவைப்படும், ஈரமும் தானே வரும். கோர்ன் ஸ்நேக்கை இப்படி மாற்றத் தயங்க வேண்டும். அதற்குக் குளிர்ந்த முனை 22 முதல் 26 பாகைக்குள் இருக்க வேண்டும். பிற்பகலில் 31 பாகைக்குப் போகும் அறையில் அது ஒதுங்க இடமின்றித் தவிக்கும். அதை ஏர்கோன் அறையிலேயே வைத்து, ஈரத்தைக் கீழே சொல்லும் முறையில் கொடுக்கலாம்.

முதலில் கருவியைச் சோதியுங்கள்

முள் வைத்த வட்டக் கருவிகளை நம்ப முடியாது. கம்பியின் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள். அதையும் சமையல் உப்பை வைத்துச் சரிபார்க்கலாம்:

1. ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது.
2. மூடியையும் கருவியையும் ஒன்றையொன்று தொடாதபடி காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள்.
3. 8 முதல் 12 மணி நேரம் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும்.
4. கருவி 70 காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 5 சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணரியைத் தொட்டியின் நடுப்பகுதியில், பாம்பு படுக்கும் உயரத்தில் வையுங்கள். மூடிக்கு அருகில் ஒட்டிவைத்தால் பாம்புக்குச் சம்பந்தமில்லாத எண்ணைத்தான் காட்டும்.

பால் பைத்தனுக்கு வழக்கமான நாட்களில் 60, உரிக்கும் நாட்களில் 70 விழுக்காடு வரை. கோர்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 50, உரிக்கும்போது 60.

ஈரத்தை எங்கே வைப்பது

தெளிப்பான் கொண்டு நாளுக்கு இருமுறை நீர் தெளிப்பதுதான் பலரும் செய்வது. எண் ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். மேல்மண் மட்டும் ஈரமாகி வயிறு நனைந்தபடி கிடக்கும். தேவைப்படுவது இதற்கு நேர்மாறானது: மேலே உலர்வு, அடியில் ஈரம்.

தேங்காய் நார்த்தூளை 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். தெளிக்காமல், மூலைகளில் மட்டும் நீரை மெதுவாக ஊற்றுங்கள். 90க்கு 45 சென்டிமீட்டர் தொட்டிக்கு முதல்முறை 250 மில்லிலிட்டர் ஊற்றி, மறுநாள் எண்ணைப் பார்த்துக் கூட்டலாம். நீர் அடியில் பரவி மெதுவாக ஆவியாகும். மேற்பரப்பைக் கையால் தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும். கம்பிவலை மூடியானால் அதில் மூன்றில் இரண்டு பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடி, மீதியைக் காற்றுக்கு விடுங்கள். சூடேற்றும் விளக்கு இருக்கும் பக்கத்தை மூடக் கூடாது. தேவதாரு வகைச் சீவல்கள் எந்த நிலையிலும் வேண்டாம். அவற்றின் எண்ணெய் ஆவி ஊர்வனவற்றுக்குக் கேடு.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், ஈரக் குகையைச் செய்துகொள்ளுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. தொட்டி முழுவதையும் ஈரமாக்காமல், வேண்டும்போது பாம்பே புகுந்து வெளிவர ஒரு சின்ன ஈர அறை. எவ்வளவு நேரம் தேவை என்று பாம்புக்குத் தெரியும்.

1. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். பாம்பு சுருண்டு படுத்தால் அதன் உடம்பு சுவர்களைத் தொடும் அளவு போதும். பெரிதாக இருந்தால் பாதுகாப்பாக உணராது. ஐஸ்கிரீம் டப்பா குட்டிக்குச் சரியாக இருக்கும்.
2. பக்கத்தில், பாம்பின் மிகத் தடித்த பகுதியைப் போல ஒன்றரை மடங்கு அகலத்தில் துளையிடுங்கள். விளிம்பைச் சூடான இரும்பால் இழைத்து வழவழப்பாக்குங்கள். கூரான விளிம்பு புதுத் தோலைக் கிழித்துவிடும்.
3. நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஸ்பாக்னம் பாசியை நீரில் ஊறவைத்து இறுகப் பிழியுங்கள். மீண்டும் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. டப்பாவில் பாதி உயரத்துக்கு நிரப்புங்கள். பாசி கிடைக்காவிட்டால் சமையலறைக் காகிதத் துண்டு. அதைத் தினமும் மாற்ற வேண்டும்.
4. சூடான பகுதியும் நடுப்பகுதியும் சேரும் இடத்தில் வையுங்கள். குளிர்ந்த முனையில் வைத்தால் பாம்பு பெரும்பாலும் நுழையாது. நுழைந்தாலும் ஈரமும் குளிரும் சேர்ந்து சுவாச நோய்க்கு வழிவிடும்.
5. பாசியை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். நம் வெப்பத்தில் பூஞ்சை விரைவாகப் பிடிக்கும். புளித்த வாடை வந்தால் அன்றே எறிந்துவிடுங்கள்.

பாம்பு உடம்பை முழுக்க நனைத்துக் கிடக்கும் அளவுக்கு அகலமான தண்ணீர்க் கிண்ணமும் இருக்கட்டும். உரிப்பு நாட்களில் இல்லாமல் எப்போதும் தண்ணீரிலேயே கிடந்தால், அது உண்ணித் தொல்லையாக இருக்கலாம். தாடைக்குக் கீழும் கண்ணைச் சுற்றியும் கசகசா அளவில் கறுப்புப் புள்ளிகள் நகர்கின்றனவா, கிண்ணத்தின் அடியில் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உண்ணி இருக்கும்வரை எவ்வளவு ஈரம் கொடுத்தாலும் சட்டை சரியாக உரியாது. வீட்டுப் பூச்சிமருந்தைத் தெளித்துவிடாதீர்கள். அது பாம்பையும் கொல்லும்.

ஒட்டிக்கொண்டால்

கண் தெளிந்து ஒரு வாரம் கடந்தும் உரியவில்லை, அல்லது துண்டுகளாக உரிந்து மிச்சம் ஒட்டியிருக்கிறது என்றால், முதலில் ஈரக் குகையோடு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். பிறகும் நின்றால்:

1. இரை விழுங்கி 48 மணி நேரம் ஆகாவிட்டால் தொடாதீர்கள். கக்கிவிடும்.
2. காற்றுத் துளைகள் உள்ள, மூடி பூட்டும் டப்பாவில் 28 முதல் 30 பாகை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை விரியுங்கள். கையளவில் இது சூடாகவே தெரியாது. வெப்பமானி வைத்துப் பாருங்கள். துண்டுக்குப் பதில் தண்ணீரே விடுவதானால் பாம்பின் உடல் தடிமனில் பாதிக்கு மேல் வேண்டாம். களைத்த பாம்பு மூழ்கிவிடும்.
3. பாம்பை உள்ளே விட்டு 20 முதல் 30 நிமிடம், பக்கத்திலேயே இருந்து பாருங்கள். டப்பாவைப் பால்கனி வெயிலில் வைக்கவே கூடாது. மூடிய பிளாஸ்டிக் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும் சூட்டை எட்டும்.
4. வெளியே எடுத்து, ஈரமான சொரசொரப்புத் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து, அதன் ஊடே பாம்பைத் தானாக ஊர்ந்து போகவிடுங்கள். தலையிலிருந்து வாலை நோக்கியே உரசல் இருக்க வேண்டும். எதிர்த் திசையில் தேய்த்தால் செதில் மடங்கிக் கிழியும்.
5. வராததை இழுக்காதீர்கள். மறுநாள் மீண்டும் செய்யுங்கள். அடியில் இருக்கும் புதுத் தோல் முற்றாதிருந்தால், பிடுங்கிய இடத்தில் நீர் கசிந்து தழும்பாகும். அந்தத் தழும்பில் அடுத்த சட்டையும் ஒட்டும்.

தேங்காய் எண்ணெய், குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெய், மஞ்சள் நீர் என்று வீட்டு வைத்தியங்கள் பலர் சொல்வதுண்டு. குறைவது நீர், எண்ணெய் அந்த இடத்தை நிரப்பாது. அதில் நார்த்தூளும் அழுக்கும் ஒட்டிக்கொள்வதுதான் மிச்சம். கோயில் புற்றுக்குப் பால் ஊற்றுவது நம் வழிபாடு. தொட்டிக்குள் பால் வைப்பது வேறு. பாம்புக்குத் தேவை தண்ணீர், இந்த வெயிலில் பால் புளித்துக் கிருமி சேரும்.

கண்ணும் வாலும்

உடம்பில் ஒட்டிய துண்டு அடுத்த உரிப்புவரை காத்திருக்கும். வால்நுனி காத்திருக்காது. அங்கே தங்கிய தோல் காய்ந்து வளையமாக இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஒவ்வோர் உரிப்பிலும் ஒரு வளையம் சேர்ந்தால் நுனி கறுத்து, செத்து, விழுந்துவிடும். ஆகவே வாலைத் தினமும் 15 நிமிடம் ஈரத் துண்டால் சுற்றிவைத்து, விரலால் உருட்டி உருட்டித் தளர்த்துங்கள். நுனி ஏற்கெனவே கறுத்துச் சுருங்கியிருந்தால் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை, மருத்துவரிடம் போங்கள்.

கண்ணில் தங்கிய செதிலை இடுக்கியாலோ நகத்தாலோ ஒட்டுநாடாவாலோ எடுக்க முயலாதீர்கள். அடியில் இருக்கும் புதுச் செதிலும் சேர்ந்து வந்தால் கண் திறந்த புண்ணாகிவிடும், பார்வையே போகலாம். அதைவிட முன்னதாக, உண்மையிலேயே தங்கியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கண்ணில் பள்ளம் விழுந்தாற்போல் இருப்பது நீர்ச்சத்துக் குறைவாலும் வரும். நீர் குடித்து ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும். தங்கிய செதில் மங்கலாக, சுருக்கமாக, ஓரத்தில் விளிம்பு தூக்கித் தெரியும். அப்படியானால் ஈரக் குகையைத் தொடருங்கள். பெரும்பாலும் அடுத்த உரிப்பில் சேர்ந்தே வரும். இரண்டாவது முறையும் வராவிட்டாலோ, கண் வீங்கினாலோ, உள்ளே மஞ்சளாகத் தேங்கித் தெரிந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. மலைப்பாம்பு இனங்கள் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் வளர்க்க, பெர்ஹிலிதான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத பயத்தில் மருத்துவரிடம் போகாமல் இருப்பவர்களின் பாம்புதான் கடைசியில் கண்ணை இழக்கிறது. வாங்கும்போதே அதை முடித்துவிடுங்கள்.

உரிந்த சட்டையைப் படிப்பது

சட்டை கிடைத்ததும் குப்பையில் போடாதீர்கள். காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவைத்து, தட்டையான மேசையில் தலையிலிருந்து வால்வரை விரியுங்கள். உட்புறம் வெளியே திரும்பியிருக்கும். பாம்பைவிட நீளமாக இருந்தால் வியக்க வேண்டாம். செதில் மடிப்புகள் விரிந்து நீள்வதால் அப்படி ஆகும். பாம்பு வளர்ந்த அளவை இதை வைத்துக் கணக்கிடக் கூடாது.

முதலில் தலைப்பகுதி. இரண்டு கண்ணிடத்திலும் சிறு வட்டக் கண்ணாடி போன்ற மூடி இருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணில் செதில் தங்கிவிட்டது. அடுத்து வால்நுனி: கூராக மூடி முடிய வேண்டும், அறுந்த குழாய் போல் திறந்திருக்கக் கூடாது. பிறகு வயிற்றுப் பக்கத்தின் அகலச் செதில்களை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழுப்புக் கறையோ கொப்புளத் தடமோ தெரிந்தால் அடிமண் தேவைக்கு மேல் ஈரமாக இருக்கிறது. அப்போது ஈரத்தைக் கூட்டுவதல்ல, தரையை உலர்த்திக் காற்றோட்டத்தைக் கூட்டுவதே வேலை. பாம்பின் வயிற்றிலும் அதே இடத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதி, சட்டை முழுதாக வந்ததா, அந்த வாரம் கருவி காட்டிய எண் ஆகியவற்றை மூடியில் ஒட்டிய தாளில் குறித்து வையுங்கள். நான்கைந்து உரிப்புக்குப் பிறகு உங்கள் பாம்புக்கு, உங்கள் அறையில், எந்த எண்ணில் சட்டை முழுதாக வருகிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். ஈரமும் சூடும் சரியாக இருந்தும் இரண்டு முறை தொடர்ந்து துண்டு துண்டாக உரிந்தால், உண்ணி, உள்நோய், இரைக் குறைவு ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். அந்தத் தாளையும் கடைசியாக உரிந்த சட்டையையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.